காதில் மூன்று தரம் சொல்ல வேண்டிய பெயர்

எங்கள் வீட்டில் பிறந்த ஆண் குழந்தைக்கு ஒன்பது மாதம் பெயர் இல்லை. கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. அந்தப் பெயராலேயே புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம் என்று ஆனபோது சிரிப்பு நின்றுவிட்டது. இனி இந்தக் குடும்பம் ஒட்டாது என்று நான் கையை விட்டுவிட்ட நேரத்தில் பெருமாள் எனக்குச் செய்ததை எழுதுகிறேன்.

என் பெயர் கன்னியம்மாள். சிங்கப்பெருமாள் கோயிலில் மலையடிவாரத்துத் தெருவில் இருக்கிறேன். ஐந்தாவது வரைக்கும் படித்தவள். அங்கன்வாடியில் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். குழந்தைகளிடம் நாள் முழுக்கப் பேசுவேன். பெரியவர்கள் நாலு பேர் கூடிவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பெருமாளுக்கு மாதாமாதம் நடக்கிற சுவாதி நட்சத்திரப் பூசைக்கு வருகிற பெண்கள், நடந்ததை மைக்கில் சொல்லுங்கள் என்றார்கள். அது என்னால் ஆகாது, எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. பக்கத்து வீடு என் தம்பி ஏழுமலையுடையது. தம்பி பெண்சாதி சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவன் ஒரே மகன் பார்த்திபனை வளர்த்தது நான்தான். என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவான், ஆனால் சோறு ஊட்டினது இந்தக் கை. இங்கே பக்கத்துக் கம்பெனியில் வேலை. அவனுக்கு மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தில் பெண் எடுத்தோம். நிர்மலா நல்ல பெண். கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்லை. போகாத ஆஸ்பத்திரி இல்லை.

எங்கள் மலைக்குப் பின்னால் அழிஞ்சில் மரம் இருக்கிறது. பிள்ளை வரம் கேட்கிறவர்கள் அதில் துணி கட்டுவார்கள். நானும் என் பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டினேன். "பெருமாளே, ஆண் பிள்ளை பிறந்தால் நரசிம்மன் என்று உன் பெயரையே வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று ஒரு பயம். அதைவிட, சொல்லக் கூச்சம். அடுத்தவன் பிள்ளைக்குப் பெயர் வைக்க நான் யார்?

போன தை மாதம் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றைக்கே தொடங்கிவிட்டார்கள்.

ஏழுமலை, செத்துப்போன எங்கள் அப்பா பெயர்தான் வைக்க வேண்டும் என்றான். குப்புசாமி. முதல் பேரனுக்குத் தாத்தா வழிப் பெயர் என்பது எங்கள் வழக்கம், அதில் தப்பில்லை. நிர்மலாவின் அப்பா, எங்கள் சம்பந்தி கோதண்டம், எத்திராஜ் என்றுதான் வைக்க வேண்டும் என்றார். எத்திராஜ் அவருடைய மகன், நிர்மலாவுக்குத் தம்பி. நாலு வருஷத்துக்கு முன்னால் கரைக்குத் திரும்பும்போது அலையில் படகு கவிழ்ந்து போய்விட்டான். இருபத்திரண்டு வயது. பார்த்திபன், இரண்டும் பழைய பெயர் என்று செல்போனில் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு தினம் ஒன்று சொல்வான். ஒன்றும் என் வாயில் நுழையவில்லை. கடைசியில் ஆத்விக் என்பதில் வந்து நின்றான். அதற்கு அர்த்தம் கேட்டால் போனைப் பார்த்துத்தான் சொல்கிறான்.

என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம். இந்த ஒன்பது மாதத்தில் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினது எங்கள் இரண்டு வீட்டிலும் அவர் ஒருவர்தான்.

பார்த்திபன் கம்பெனியில் யாரோ ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். பாஸ்போர்ட் ஃபாரம் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். "பாரு அத்தை, மூணு கட்டம் கீது. முதல் பேரு, நடுப் பேரு, கடைசிப் பேரு. கடைசில என் பேரு. முதல்ல ஒண்ணு, நடுவுல ஒண்ணு வெச்சுட்டா சண்டையே இல்ல" என்றான். எங்கள் ஆட்களுக்கு நடுப் பெயர் என்று ஒன்று ஏது? முன்னால் ஒரு எழுத்து இனிஷியல் போட்டால் முடிந்தது. ஆனாலும் சண்டை தீர்ந்தால் போதும் என்று இருந்தேன்.

தீர்ந்ததா? அது வரைக்கும் எந்தப் பெயர் என்று சண்டை. அதற்கப்புறம் எது முதலில், எது நடுவில் என்று சண்டை. நடுவில் இருக்கிற பெயரை எவன் கூப்பிடுவான் என்று ஏழுமலை கேட்டான். எத்திராஜ் குப்புசாமி என்று எழுதினால் பிள்ளைக்கு அப்பன் குப்புசாமி என்றுதானே ஊரில் நினைப்பார்கள் என்று சம்பந்தி கேட்டார். இது நியாயமான கேள்விதான். குப்புசாமி எத்திராஜ் என்று மாற்றிப் போட்டாலும் அதே வம்பு. பார்த்திபன் தலையில் கைவைத்துக்கொண்டு, அப்போது ஆத்விக்கை முதலில் போடலாமே என்றான். இரண்டு பெரியவர்களும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு அவனைத் திட்டினார்கள்.

நான் வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டு சும்மா இருந்தேன். இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. இவர்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டு ஓய்ந்தால், இரண்டும் வேண்டாம், பொதுவாக ஒரு சாமி பெயர் வைப்போம் என்று வரும். அப்போது நரசிம்மனை மெதுவாகச் சொல்லலாம். இந்தத் திருட்டு நினைப்போடுதான் நான் சாது மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

சித்திரை மாதம், குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்ததும் தாய்வீட்டிலிருந்து அழைத்துவந்து பெயர் வைப்பதாக ஏற்பாடு. சம்பந்தி வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். தாம்பாளத்தில் அரிசி பரப்பிவிட்டோம். அதில் விரலால் பெயரை எழுத வேண்டும். முதலில் எந்தப் பெயர் என்று மறுபடி ஆரம்பித்தது. பேச்சு தடித்தது. ஏழுமலை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான்:

"கடல்ல பூட்டவன் பேர வெச்சு என் பேரனையும் அனுப்பணுமா?"

சம்பந்தி தோளிலிருந்த துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். நிர்மலா எழுந்தாள். குழந்தையைத் தூக்கினாள். வந்த வேனிலேயே ஏறிப் போய்விட்டாள். சமைத்தது அப்படியே இருந்தது. அரிசித் தட்டும் அப்படியே இருந்தது.

நான் அக்கா. ஏழுமலையைவிட ஆறு வயது மூத்தவள். வாயை மூடுடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் மூடியிருப்பான். நான் சொல்லவில்லை.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது. பார்த்திபன் தன் பிள்ளையைத் தடுப்பூசி போடுகிற நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்த்தான் பார்த்தான். ஆடி மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து இழுப்பு கண்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாங்களும் ஓடினோம். குழந்தை பேர் என்ன என்று நர்ஸம்மா கேட்டதும் குப்புசாமி என்று ஏழுமலையும், எத்திராஜ் என்று சம்பந்தியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். இழுத்துக்கொண்டு கிடக்கிற குழந்தையை வைத்துக்கொண்டு அங்கேயும் முறைத்துக்கொண்டார்கள். அந்த அம்மா யாரையும் பார்க்காமல் 'நிர்மலா குழந்தை' என்று எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் பண்ணினதுதான் சரி.

குழந்தை நாலு நாளில் தேறிவிட்டது. ஆனால் அந்த வராந்தாவில் ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னது இருக்கிறதே, அது தேறவில்லை. சொன்ன பெயரை வைக்காததால்தான் இப்படி ஆனது என்று இரண்டு பேரும் சொன்னார்கள். பெருமாளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருக்கிறவள் நான். தப்பு என்னால்தானோ என்று பயந்தேன்.

நிர்மலா கடைசியாகச் சொல்லிவிட்டாள். இந்த வீட்டு ஆட்கள் யாரும் இனி என் பிள்ளையைப் பார்க்க வர வேண்டாம் என்று. பார்த்திபனையும் சேர்த்துத்தான். அன்றைக்கு உன் அப்பா பேசினபோது நீயும் சும்மாதானே இருந்தாய் என்று கேட்டிருக்கிறாள். அவன் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டு மறைமலைநகரில் கூட வேலை செய்கிறவர்களோடு அறையில் தங்கிவிட்டான். ஒரு நாள் போனில், வக்கீலைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன் அத்தை என்றான். நான் வளர்த்த பிள்ளை.

அதற்கப்புறம் ஒவ்வொரு சுவாதிக்கும் மலையைச் சுற்றி வந்து பெருமாளிடம் சண்டை போட்டேன். வேண்டினேன் என்று எழுதினால் பொய். சண்டைதான். "உன் பெயரைத்தானே வைக்கிறேன் என்றேன்? நீயாவது அவர்கள் புத்தியில் ஏறி ஒன்று சொல்லக் கூடாதா? நரசிம்மன் என்று ஒருத்தர் வாயில் வர வைக்கக் கூடாதா?" ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, புரட்டாசியும் போயிற்று. அவரும் என் வீட்டுக்காரர் மாதிரி காது கேட்காமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பெருமாள் மன்னிக்க வேண்டும்.

ஐப்பசிச் சுவாதி அன்று நல்ல மழை. கூட்டமில்லை. பட்டர் சுவாமி ஆயிரம் நாமம் சொல்லி அர்ச்சனை பண்ணிக்கொண்டிருந்தார். ஈரப் புடவையோடு தூணோரம் உட்கார்ந்தேன். எனக்கு அதில் பாதி புரியாது. சொல்லிக்கொண்டே போகிறார், பெயர் வந்துகொண்டே இருக்கிறது, முடிகிற மாதிரியே இல்லை. கேட்கக் கேட்க எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. இத்தனை பெயர் இருக்கிறவருக்கு இன்னும் ஒன்று வைக்கிறேன் என்று நான் பேரம் பேசினேனே, இவர் கேட்டாரா? பிள்ளையைக் கொடுத்தார். பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் நான். என் ஆசைக்கு அவர் பெயரை முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பட்டர் பெருமாளின் நெற்றித் திருமண்ணை விலக்கிக் கற்பூரம் காட்டினார். நெற்றிக்கண் தெரிந்தது. ஆயிரம் தரம் பார்த்திருப்பேன். அன்றைக்கு அது என்னை மட்டும் பார்க்கிற மாதிரி இருந்தது. கை கூப்பி மனசுக்குள் சொன்னேன். "நான் சொன்ன வாக்கை உன் காலடியிலேயே வைத்துவிடுகிறேன். தோஷம் இருந்தால் என் தலையில் போடு. எந்தப் பெயரானாலும் சரி. எனக்கு வாய் மட்டும் கொடு."

கேட்டது அந்த நிமிஷத்திலேயே கிடைத்தது. சத்தமோ வெளிச்சமோ ஒன்றுமில்லை. பயம் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். காய்ச்சல் விட்டால் உடம்புக்குத் தெரியுமே, அப்படித் தெரிந்தது. வெளியே வந்து வீட்டுக்குக்கூடப் போகவில்லை. செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். அங்கே இறங்கித் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸைக் கேட்டு ஏறினேன். துணையில்லாமல் அவ்வளவு தூரம் நான் போனதே இல்லை. கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கக்கூடக் கூசுகிறவள், அன்றைக்கு இரண்டு தரம் வழி கேட்டேன்.

குப்பத்தில் கடல் கொந்தளிப்பாக இருந்ததால் படகெல்லாம் மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். சம்பந்தி வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்றார். உட்காரச் சொல்வதற்குள் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

"என் தம்பி அன்னிக்குப் பேசினது தப்பு சம்பந்தி. பக்கத்துல இருந்துகினு நான் வாயத் தொறக்கல. அது அதவிடத் தப்பு."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உங்க ஊரு மரத்துலதாங்கா நானும் துணி கட்னேன். எம் புள்ள சட்டைல கிழிச்சது. கடலம்மா கிட்ட கேக்கல. எடுத்துகினவ அவ. அவகிட்டயே போயி எப்படிக் கேக்கறது? அதான் மலையாண்ட வந்து, அவன திருப்பிக் குடுன்னு கேட்டேன். நாலு வருசமா எங்க வூட்ல அவன் பேர யாரும் சொல்றதில்ல. சொல்ல வாய் வர்ல."

ஒரே மரம். ஒரே பெருமாள். என் துணியும் அங்கேதான், செத்துப்போன பிள்ளையின் சட்டைத் துணியும் அங்கேதான். நான் என் பெயர், என் பெயர் என்று மல்லுக்கட்டினபோது, பெருமாள் இன்னொருவர் கேட்டதைக் கையில் வைத்துக்கொண்டு நான் விடுவதற்காகக் காத்திருந்திருக்கிறார். இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளேயிருந்து நிர்மலா குழந்தையோடு வந்தாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். குழந்தையை என் மடியில் போட்டாள். "நான் வரேன் அத்த. ஆனா பேர அங்க யாரும் முடிவு பண்ணக் கூடாது. காதுல சொல்றது நீங்க. நீங்க சொல்றதுதான் பேரு. எதுவா இருந்தாலும் சரி" என்றாள்.

எங்கள் பக்கம் குழந்தையின் காதில் மூன்று தரம் பெயரைச் சொல்ல வேண்டியவள் அத்தை. பார்த்திபனுக்குக் கூடப் பிறந்த பெண் இல்லை. அதனால் அந்த முறை அவன் அத்தையான என்மேல் வந்து நிற்கிறது. இது எல்லாருக்கும் தெரியும். சண்டையில் அதை நினைத்துப் பார்த்தவர்தான் இல்லை. என்னையும் சேர்த்து.

ஊருக்கு வந்து சொன்னதும் ஏழுமலை உடனே ஒப்புக்கொண்டான். ஏன் தெரியுமா? அக்கா எப்போது நம் பேச்சைத் தட்டினாள் என்ற தைரியம். அந்த ஒரு வாரமும் வந்து வந்து போனான். அப்பா பெயர், ஞாபகம் வைத்துக்கொள் என்று, மளிகைக்கடைக்குப் போகிற பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். சேதி கேட்டு அறையிலிருந்து வந்த பார்த்திபன் ஆத்விக் என்று பெரிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதி என் சுருக்குப்பையில் திணித்தான். மறந்துபோனால் பார்த்துக்கொள்ளவாம்.

ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை. அதே கூடம், அதே தாம்பாளம். பட்டுத் துண்டில் குழந்தையை என் மடியில் வைத்தார்கள். எல்லார் கண்ணும் என் வாயில். பழைய கன்னியம்மாளாக இருந்தால் முணுமுணுத்துவிட்டு, யார் என்ன கேட்டாலும் தலையாட்டியிருப்பேன். நான் அந்தச் சின்னக் காதில் வைத்து, கூடத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். எத்திராஜ். எத்திராஜ். எத்திராஜ்.

சம்பந்தியம்மா சுவரில் சாய்ந்துவிட்டார். ஏழுமலை முகம் கறுத்துப்போயிற்று. இன்னா வேலக்கா பண்ண என்று எழுந்தான். நான் குழந்தையை விடாமல் அவனை நிமிர்ந்து பார்த்தேன்.

"உக்காருடா. நம்ம அப்பா எம்பது வயசுக்கு மேல இருந்தாரு. கட்டில்ல படுத்து, நம்ம கையால பால் குடிச்சிட்டுப் போனாரு. அவரு பேரு வாழ்ந்து முடிச்ச பேரு. அந்தப் புள்ள பேரு இருவத்திரண்டுல நின்னுபோச்சு. மிச்சத்த இவன் வாழட்டும்."

இவ்வளவு நீளமாக நான் பெரியவர்கள் நடுவில் பேசினது அதுதான் முதல் தரம். வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வேண்டிக் கேட்டு வாங்கினது.

ஏழுமலை எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. குனிந்து தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்தான். அரிசியில் எத்திராஜ் என்று அவனே எழுதினான். எழுதிவிட்டு விரலை எடுக்காமல் அப்படியே இருந்தான். அப்போது சம்பந்தி கிட்டே வந்து உட்கார்ந்தார்.

"பக்கத்துல உங்க அப்பா பேரயும் எழுதுங்க சம்பந்தி. பெரியவரு கூட இருந்தா பையனுக்கு பயம் இருக்காது" என்றார்.

என் தம்பி அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்பா செத்தபோதுகூட அவன் அழவில்லை.

முதல் பெயர் எத்திராஜ், நடுப் பெயர் குப்புசாமி என்று பிறப்புச் சான்றிதழில் பதிந்துவிட்டோம். பார்த்திபனும் நிர்மலாவும் இப்போது ஒன்றாக இருக்கிறார்கள். கேளம்பாக்கத்தில் வீடு பார்க்கலாமா, இங்கேயே இருக்கலாமா என்று இப்போது புதிதாக ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. அது அவர்கள் பாடு. சம்பந்தி மாதம் ஒரு தரம் வருகிறார். தெருமுனையிலேயே எத்திராஜ், எத்திராஜ் என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிறார். பெயரைச் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுக்கவில்லை. குழந்தை அந்தக் குரலுக்குத் தவழ்ந்து வாசலுக்குப் போய்விடுகிறது, அவனைப் பிடித்து வைப்பது என் வேலையாகிவிட்டது.

எனக்கு வருத்தமே இல்லையா என்று கேட்டால், வேண்டுதலை நிறைவேற்றவில்லையே என்று ஒரு வாரம் உறுத்தியது. பட்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துளசி கொடுத்து, போய் நிம்மதியாக இருங்கள் அம்மா என்றார். இருக்கிறேன்.

என்னைப் போல் வாய் பேசாமல், மனசுக்குள்ளேயே ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பெருமாள் ஏன் செய்யவில்லை என்று கோபித்துக்கொண்டிருக்கிற பெண்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். அவர் கொடுப்பதற்கு நாம் நிபந்தனை எழுத வேண்டாம். பிடித்திருப்பதை அவர் முன்னால் கீழே வைத்துவிட்டு, நான் செய்ய வேண்டியது எதுவோ அதற்குத் தெம்பு கொடு என்று கேளுங்கள். அடுத்த சுவாதிக்கு வாருங்கள். தூணோரத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். இப்போது பக்கத்தில் வந்து உட்காருகிறவர்களிடம் நானே பேசுகிறேன்.